எத்தனை மணிக்குப் பசித்தது?

எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அன்று, அறைக்கு வெளியே இருந்த மேசையில் அச்சிட்ட தாள் ஒன்றை என் கையில் கொடுத்து அனுப்பினார்கள். காலையில் ஊற வைத்த பாதாமும் சியா விதையும், நண்பகலில் கினோவாவும் அவகாடோவும், மாலையில் பெர்ரிப் பழங்கள், இரவில் ஆலிவ் எண்ணெயில் வாட்டிய சால்மன் மீன் என்று அந்தத் தாள் நீண்டுகொண்டே போனது. வீட்டுக்கு வந்து, மாதச் செலவு எழுதும் நோட்டுப் புத்தகத்தின் அருகில் அதை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நால்வருக்கு ஒரு வாரம் முழுவதும் ஆகும் சமையல் செலவு, அந்தத் தாளின்படி எனக்கு ஒருவனுக்கு மட்டும் இரண்டு நாட்களுக்குக்கூடக் காணாது. தாளை மடித்து அதே நோட்டுக்குள் வைத்துவிட்டேன். அப்போது என் எடை 86 கிலோ. அதன்பின் 14 மாதங்களில் 11 கிலோ குறைந்திருக்கிறது; அந்தத் தாளில் இருந்த பொருள்களில் ஒன்றுகூட இந்த 14 மாதங்களில் எங்கள் அடுப்படிக்குள் வரவில்லை.

ஆனால், முதலில் நான் செய்தது சரியான முட்டாள்தனம். பணமும் மிச்சமாக வேண்டும், எடையும் குறைய வேண்டும் என்றால் சாப்பிடாமல் இருந்துவிடுவதே எளிய வழி என்று நினைத்து, இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று நம்மவர்கள் சேமிப்பைப் பற்றிச் சொல்வது வழக்கம். நான் அதை அப்படியே செயலில் காட்டினேன். ஒன்பது நாட்கள் தாங்கியது. பத்தாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, எல்லோரும் உறங்கிய பிறகு, சமையலறை விளக்கைக்கூடப் போடாமல், குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்து அதன் வெளிச்சத்தில் நின்றுகொண்டே பெரிய பிஸ்கட் பொட்டலம் ஒன்றை முழுவதுமாகத் தின்று முடித்தேன். மறுநாள் குப்பைக் கூடையிலிருந்து உறையை எடுத்துப் பின்பக்கம் படித்தபோது, அந்த ஒரு பொட்டலத்தில் 1,400 கலோரிக்கு மேல் இருந்தது தெரிந்தது. தவிர்த்த மூன்று இரவுச் சாப்பாடுகளுக்கு அது சமம், விலையிலும் அப்படியே.

இதை மனவுறுதிக் குறைவு என்று வெகு நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடத்திய பட்டினி ஆய்வைப் பற்றிப் படித்தேன். உடல்நலமும் மனநலமும் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் உணவைக் குறைத்துக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 1,570 கலோரி அளவில். அவர்கள் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது உண்மைதான். ஆனால், அவர்களுடைய பேச்சும் நினைப்பும் கனவும் உணவாகவே மாறிப்போயின. அதற்கு முன் சமையலில் ஆர்வமே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படிக்கத் தொடங்கினார்கள். பசித்த உடல் மூளையை உணவின் பக்கம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை. நின்றுகொண்டே பிஸ்கட் தின்ற என்னை அன்றுதான் நான் மன்னித்தேன்.

அதிலிருந்து என் கேள்வி மாறியது. எவ்வளவு குறைவாகச் சாப்பிடலாம் என்று கேட்பதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் பணத்துக்கு எவ்வளவு நேரம் பசிக்காமல் இருக்கலாம் என்று கேட்கத் தொடங்கினேன். செலவு நோட்டின் பின்பக்கத்திலிருந்து நான்கு கட்டங்கள் போட்டேன்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், அதற்கு என்ன செலவானது, மறுபடி எத்தனை மணிக்குப் பசித்தது. பசி என்றால் உண்மையான பசி. வாய் எதையாவது கேட்பதும் சலிப்பும் இதில் சேராது. வெறும் உருளைக்கிழங்கை வேகவைத்துக் கொடுத்தால் சாப்பிடுவேனா என்று எனக்கு நானே கேட்டு, ஆம் என்றால் மட்டும் நேரத்தைக் குறித்தேன். மூன்று வாரங்கள் எழுதியதில் என்னைப் பற்றி நான் அறிந்துகொண்டது, அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் அறிந்ததைவிட அதிகம். ஜாம் தடவிய வெள்ளை ரொட்டி நான்கு துண்டு: ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு அவித்த முட்டையும் அதே ரொட்டியில் இரண்டு துண்டும்: மூன்றரை மணி நேரம். பருப்பும் முட்டைக்கோஸும் சேர்த்துக் கெட்டியாக வேகவைத்த ஒரு பெரிய கிண்ணம்: நான்கு மணி நாற்பது நிமிடம். மூன்றாவதுதான் விலையிலும் மிகக் குறைந்தது என்பதை அந்தக் கட்டத்தில் எழுதும்போது, இத்தனை நாள் எதற்குப் பணத்தைக் கொட்டினோம் என்று வெட்கமாக இருந்தது.

விலைக்கும் கலோரிக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ளாமல் இந்த விஷயத்தில் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. சர்க்கரை, எண்ணெய், வெள்ளை மாவு ஆகிய மூன்றும் உலகம் முழுவதும் மலிவானவை, கெட்டுப்போகாதவை, மூட்டையிலும் டப்பாவிலும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகக்கூடியவை. ஆகவே, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு அதிகமான கலோரி எதில் கிடைக்கும் என்று பார்த்தால், பட்டியலின் உச்சியில் இவையும் இவற்றால் செய்த தின்பண்டங்களுமே நிற்கும்; காய்கறியும் பழமும் அடியில் கிடக்கும். இந்தக் கணக்கைப் போட்டவர்களில் மூத்தவர் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர். ஒரு கிராம் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் தலா 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்று இன்றும் நாம் பயன்படுத்தும் கணக்கு அவருடைய ஆய்விலிருந்து வந்ததுதான். உழைக்கும் மக்கள் குறைந்த கூலியில் எப்படி நிறைவாகச் சாப்பிடலாம் என்று காட்டுவதற்காக, உணவின் ஊட்டத்தையும் விலையையும் அருகருகே வைத்து 1894-இல் அமெரிக்க வேளாண் துறைக்காக ஒரு சிறு வெளியீட்டையும் அவர் எழுதினார். அவர் கண்ணில் கீரையும் காயும் ஏழைக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம். கொடுக்கும் காசுக்கு அவற்றில் சக்தி இல்லை என்பது வாதம். அவரைக் குறை சொல்ல முடியாது. வைட்டமின் என்ற சொல்லே 1912-இல்தான் பிறந்தது. அவர் 1907-இலேயே இறந்துவிட்டார்.

எடை குறைக்க வேண்டியவருக்கு இதே பட்டியலைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எனக்குக் கலோரி பற்றாக்குறை இல்லை. அது ஏற்கெனவே இடுப்பைச் சுற்றிச் சேமிப்பில் கிடக்கிறது. எனக்கு விலைக்கு வேண்டியது புரதமும் நார்ச்சத்தும் வயிற்றை நிரப்பும் கனமும்தான். ஆகவே கடையில் ஒரு பொருளை எடுத்தால், அதன் விலையை அதில் உள்ள புரதத்தின் கிராம் அளவால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. உலர்ந்த பருப்பு வகைகளில் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும் 70 கலோரியும் உண்டு. இந்த வகுத்தலில் இவை இரண்டையும் தோற்கடிக்கும் பொருள் எங்கள் கடையில் எனக்குக் கிடைக்கவே இல்லை. முகப்பில் புரதம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பிஸ்கட் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பிஸ்கட்டுக்கு 1 கிராம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதற்குத்தான் பொருந்தும், அதுவும் யானை விலைக்கு விற்கிற சோளப்பொரி.

பசி தாங்கும் நேரத்தை நான் மட்டும் அளக்கவில்லை என்பதும் பின்னால்தான் தெரிந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசன்னா ஹோல்ட்டும் அவருடைய குழுவினரும் 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 240 கலோரிக்குச் சமமான அளவைக் கொடுத்து, சாப்பிட்டவர்களின் வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று இரண்டு மணி நேரம் வரை கால் மணிக்கு ஒருமுறை கேட்டுக் குறித்தார்கள். முடிவுகள் 1995-இல் வெளியாயின. வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டால், வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323, ஓட்ஸ் கஞ்சிக்கு 209, ஆப்பிளுக்கு 197, முட்டைக்கு 150, வறுத்த நிலக்கடலைக்கு 84, கேக்குக்கு 65, வெண்ணெய் நிறைந்த குரோசான் ரொட்டிக்கு 47. உருளைக்கிழங்கை எடை கூட்டும் பொருள் என்று ஒதுக்கி வைத்திருந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி. ஆனால் தட்டில் வைத்துப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்துவிடும்: 240 கலோரிக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு கால் கிலோவுக்கு மேலேயே வரும், குரோசான் 60 கிராம்தான். உருளைக்கிழங்கின் மேல் விழுந்த பழியில் பெரும்பகுதி, அதைப் பொரித்த எண்ணெய்க்குச் சேர வேண்டியது. இந்த ஆய்வில் எனக்கு ஒரு குறை உண்டு. இரண்டு மணி நேரத்தோடு கேள்வியை நிறுத்திக்கொண்டார்கள். வேலைக்குப் போகிறவன் நான்கு, ஐந்து மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். பருப்பு அவர்கள் பட்டியலில் 133 தான் பெற்றது. என் நோட்டில் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு முதலிடத்தில் நிற்பது அதுதான்.

பருப்பையும் பயறையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த பணத்தில் எடை குறைப்பது என்பதே பாதிக்கு மேல் இவற்றைச் சமைக்கப் பழகுவதுதான். டப்பாவில் அடைத்து வரும் வெந்த கொண்டைக்கடலையைவிட உலர்ந்த கடலை பல மடங்கு மலிவு. 100 கிராமை ஊற வைத்து வேகவைத்தால் 220 முதல் 250 கிராம் வரை வரும். சனிக்கிழமை இரவு படுக்கப் போகும் முன் அரை கிலோவை அகலமான பாத்திரத்தில் மூன்று மடங்கு தண்ணீர் விட்டு ஊற வைக்கிறேன். காலையில் அது பாத்திரத்தின் விளிம்புவரை உப்பியிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைப்பேன். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி கொட்டிய தண்ணீரோடு போய்விடும். மீதிக்கு, முதல் இரண்டு மூன்று வாரங்கள் சிறிய அளவாகச் சாப்பிட்டு வந்தால் குடல் பழகிக்கொள்ளும். எடுத்த எடுப்பில் ஒரு பெரிய கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டியவர்களில் நானும் ஒருவன். வெந்ததை ஆற வைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து, இரண்டு நாட்களுக்கு வேண்டியதைக் குளிர்பதனப் பெட்டியிலும் மீதியை உறைபெட்டியிலும் வைக்கிறேன். களைத்து வீடு திரும்பும் புதன்கிழமை மாலையில், வெளியிலிருந்து வாங்கிவிடலாமா என்று கை தொலைபேசியைத் தேடும் நேரத்தில், அந்த டப்பா இருக்கிறதா இல்லையா என்பதுதான் அன்றைய செலவையும் அன்றைய கலோரியையும் முடிவு செய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சிவப்பு நிறக் கிட்னி பீன்ஸை மட்டும் அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. அதில் உள்ள லெக்டின் என்ற புரதம் சரியாக வேகாவிட்டால் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். நான்கைந்து விதைகளே போதும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விட்ட பிறகே மற்ற சமையல். மெதுவாகச் சூடேற்றும் மின்பாத்திரத்தில் நேராகப் போடுவது ஆபத்து. கொதிநிலைக்குக் கீழே உள்ள சூட்டில் அதன் நச்சு குறையாமல் கூடவும் செய்யும். இதைப் போலவே, வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்திருந்து மறுநாளைக்கு எடுத்து வைப்பதும் சிக்கனம் ஆகாது. சமைத்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் அரிசியில் இருக்கலாம். அறைச் சூட்டில் அவை பெருகி வெளியிடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. சீக்கிரம் ஆற வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும்.

அடுத்தது எண்ணெய். இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, தராசுதான் சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாணலியைச் சமையலறைத் தராசின் மேல் வைத்து அளவைப் பூஜ்யமாக்கிவிட்டு, எப்போதும் போலவே பாட்டிலிலிருந்து எண்ணெயை ஊற்றினேன். கண்ணுக்கு அது ஒரு சிறு வட்டமாகத்தான் தெரிந்தது. தராசு 36 கிராம் காட்டியது. அதாவது காய் ஒரு துண்டுகூட விழும் முன்பே ஏறத்தாழ 320 கலோரி வாணலியில் இருந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "என்னப்பா இது, எண்ணெயைக் கூடவா நிறுத்துப் போடணும்?" என்று கேட்டார். நிறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று அன்று முடிவானது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம், 120 கலோரி. இப்போது பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, அடுப்பின் அருகில் ஒரு சிறு கிண்ணமும் கரண்டியும் மட்டும் வைத்திருக்கிறோம். வெங்காயம் அடிப்பிடித்தால் எண்ணெய்க்குப் பதிலாக இரண்டு கரண்டி தண்ணீர் தெளிக்கிறோம். மாதத்துக்கு வாங்கும் எண்ணெய் பாதியாகக் குறைந்தது. வேறு எந்த மாற்றமும் இவ்வளவு சுலபமாகப் பணத்தையும் கலோரியையும் ஒரே கையில் மிச்சம் பிடிக்கவில்லை. எண்ணெயை அடியோடு விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காய்கறியில் உள்ள சில வைட்டமின்கள் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் சேரும். சுவையும் வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் மற்ற மூவரும் என்னோடு சாப்பிட மாட்டார்கள்.

நிலக்கடலையிலும் இதே பாடம்தான். மலிவான, நல்ல புரதம். ஆனால் 100 கிராமில் பாதிக்குப் பக்கம் கொழுப்பு, 567 கலோரி. ஒரு கைப்பிடியை எண்ணிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு பையைக் கட்டி உள்ளே வைத்துவிட்டால் அது நல்ல சிற்றுண்டி. பையோடு மடியில் வைத்துக்கொண்டால் அது ஒரு வேளைச் சாப்பாட்டையும் மிஞ்சிவிடும்.

சர்க்கரையை நான் அதிகம் விரித்துரைக்கப் போவதில்லை. நாளைக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்று போட்டுக்கொண்டிருந்தேன்; ஏறத்தாழ 32 கிராம். சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு. 2,000 கலோரி உண்பவருக்கு அந்த 5 சதவீதம் என்பது 25 கிராம். தேநீரிலேயே நான் அதைத் தாண்டிவிட்டிருந்தேன். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தேன்; நான்காம் வாரத்தில் நாக்கு சண்டை போடுவதை நிறுத்திவிட்டது. பாட்டிலில் வரும் இனிப்புப் பானங்களை அதே நாளில் முற்றிலும் நிறுத்தினேன். பசி தாங்கும் நேரக் கட்டத்தில் அவற்றுக்கு எதிரே எழுத எதுவுமே இல்லை.

காய்கறிக்கு வருகிறேன். ஒரு நாளைக்குக் காயும் பழமுமாக 400 கிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. உருளைக்கிழங்கு போன்ற மாவுக்கிழங்குகள் அதில் சேராது. இதைத்தான் பணமில்லாதவர்கள் முதலில் கைவிடுகிறார்கள், நானும் கைவிட்டிருந்தேன். மீண்டும் பிடித்தது முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், பூசணி என்ற நான்கின் தயவால்தான்; நான்கும் வாரக்கணக்கில் கெடாதவை. அழுகிக் குப்பைக்குப் போன காயின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டால், கவர்ச்சியாக அடுக்கியிருக்கும் மெல்லிய இலைக்காய்கள் உண்மையில் எவ்வளவு விலை உயர்ந்தவை என்பது புரியும். உறைய வைத்த பட்டாணியும் பீன்ஸும் பச்சையைவிடத் தாழ்ந்தவை என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. பறித்த சில மணி நேரத்தில் உறைய வைப்பதால், கடையில் நாள்கணக்கில் வாடிய காயைவிட அவற்றில் வைட்டமின் சி அதிகமாகவே இருப்பதும் உண்டு. வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டி வைக்கலாம் என்பது பணப் பக்கத்துச் சலுகை.

சோற்றை நான் விடவில்லை, ரொட்டியையும் விடவில்லை. முன்பு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி எனக்கு என்றால், இப்போது 75 கிராம். அந்த இடத்தை நிரப்ப முன்பைவிடக் கூடுதலாக 40 கிராம் பருப்பும் 200 கிராம் முட்டைக்கோஸோ வேறு காயோ. கூட்டிக் கழித்தால் ஒரு வேளைக்குக் குறைவது ஏறத்தாழ 80 கலோரிதான், பெரிய தொகை இல்லை. ஆனால் தட்டு முன்பைவிட நிரம்பித் தெரிகிறது, புரதம் கூடுகிறது, மாலை நான்கு மணிக்கு வரும் பசி ஆறு மணிக்குத் தள்ளிப்போகிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் முன்பெல்லாம் என் பணமும் என் எடையும் கைமாறிக்கொண்டிருந்தன.

பொட்டலத்தில் வரும் தின்பண்டங்களை ஏன் நிறுத்த முடியவில்லை என்பதற்கு 2019-இல் ஒரு நல்ல விடை வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையில், 20 பேரை நான்கு வாரங்கள் அங்கேயே தங்க வைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவைத் தின்ற நாட்களில் அவர்கள் தம்மை அறியாமலே நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டு, இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 0.9 கிலோ கூடினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தார்கள். இதில் நம்மைப் போன்றவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு: அந்த ஆய்வில் பதப்படுத்தாத உணவுக்கே செலவு அதிகமானது. நல்ல உணவு எப்போதும் மலிவு என்று மேடையில் பேசுகிறவர்கள் கடைக்குப் போவதில்லை என்று நினைக்கிறேன். இறைச்சித் துண்டும் கொட்டைப் பருப்புகளும் பருவமில்லாத பழமும் கொண்ட நல்ல உணவு விலை உயர்ந்ததுதான். பருப்பு, முட்டை, ஓட்ஸ், கிழங்கு, நீடித்து நிற்கும் காய் என்ற ஒரு குறுகிய பாதை மட்டுமே மலிவானது, அதற்கும் நேரம் என்ற விலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டரை மணி நேரம் எங்கள் வீட்டில் அதற்குப் போகிறது. இரண்டு இடங்களில் வேலை பார்க்கிறவருக்கு அந்த இரண்டரை மணி நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது.

ஏழாம் மாதத்தில் எடை அசையாமல் நின்றுவிட்டது. நான் சரியாகத்தான் சாப்பிடுகிறேன், உடம்புதான் ஒத்துழைக்கவில்லை என்று மனைவியிடம் புலம்பினேன். இதே புலம்பலை 1992-இல் ஓர் அமெரிக்க ஆய்வுக்குழு சோதித்திருக்கிறது. எவ்வளவு குறைத்தாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களின் உண்மையான உணவை அளந்தபோது, அவர்கள் சொன்ன கணக்கு உண்மையைவிட 47 சதவீதம் குறைவாக இருந்தது. பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. மனைவி அதைப் படிக்காமலே சொன்னார்: "குழந்தை தட்டுல மிச்சம் வெக்கிறத யாரு சாப்பிடறா? அத எழுதினீங்களா?" எழுதவில்லை. வீணாகக் கூடாது என்று வாயில் போட்டுக்கொண்ட ரொட்டி ஓரமும் அரைக் கிண்ணம் சோறும் சிக்கனத்தின் பெயரால் கணக்கில் வராமலே போய்க்கொண்டிருந்தன. மிச்சமாகும் உணவைக் குப்பையில் போட எனக்கு இன்னும் மனம் வருவதில்லை. ஆகவே இப்போது குழந்தைக்கு முதலில் பாதி அளவே பரிமாறுகிறோம், கேட்டால் மறுபடி வைக்கிறோம்.

எடை இயந்திரத்தைப் பற்றியும் ஒன்று. முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தபோது துள்ளிக் குதித்தேன். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், உணவைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து வெளியேறும். ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. நான் குறைத்த 11 கிலோவை இந்தக் கணக்கில் 14 மாதங்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி வருகிறது. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்கூட இல்லை. இரத்தச் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதாலும், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதத்தின் அளவு வேறு என்பதாலும், அவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் என் நோட்டைப் பின்பற்ற வேண்டாம், கருவுற்றிருப்பவர்களும் அப்படியே.

நோட்டில் இப்போது தினமும் எழுதுவதில்லை. எடை கூடுவது போலத் தோன்றினால் மட்டும் ஒரு வாரம் எழுதுகிறேன். கடந்த வாரப் பக்கத்தைப் புரட்டினால், வெள்ளிக்கிழமை மதியம் 1:10-க்குக் கொண்டைக்கடலையும் கேரட்டும் கொஞ்சம் சோறும், மறுபடி பசித்தது 6:25-க்கு என்று இருக்கிறது. அதற்கு நடுவில், 4:15 என்று நேரம் போட்டு, நான்கு பிஸ்கட் என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். பசித்தது என்ற கட்டம் அந்த வரியில் காலியாக இருக்கிறது.